கம்பில்லாமல் ஏறியவர்

"கம்பெல்லாம் எனக்கு எதுக்குடீ? மலைக்கும் எனக்கும் நடுவுல ஒண்ணும் இருக்கப்படாது, கேட்டியா?" என்றார் சுந்தரராமன்.

திருவனந்தபுரம் தம்பானூரில் மலையேறுகிறவர்களுக்கான சாமான் விற்கும் கடை அது. மனைவி ஸ்ரீலக்ஷ்மி அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்திருந்தாள்.

"அம்பது வயசாச்சு. முட்டி என்னத்துக்காகும்? நாலு வருஷமா வெறுங்கையோட அகஸ்தியகூடம் ஏறிட்டு வரேள். அஞ்சாவது தடவையாவது கம்போட போங்கோ."

மார்த்தாண்டத்துக்காரரான விற்பனையாளர் பிரவின்ராஜ் வாயைப் பிளந்தார். "நாலு தடவையா சார்? கம்பில்லாமலா? எனக்க ரெண்டு கூட்டுகாரன்மாரு கம்போட போயிட்டு வந்தே ஒரு வாரம் படியெறங்க முடியாம கெடந்தானுவ!"

சுந்தரராமன் அடக்கமாகச் சிரித்தார். அடக்கத்துக்குக் காரணம் இருந்தது. அவர் அந்த மலையில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் மெய்யாகவே கிளம்பத்தான் செய்தார். மலையடிவாரமான போணக்காட்டில் நடக்கத் தொடங்கிய அரை மணியில் காலில் ஓர் அட்டை ஏறியது. அது ஏறிய வேகத்தில் இவர் இறங்கிவிட்டார். உடனே வீடு திரும்ப வெட்கம். கல்லாற்றில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துப் படுத்தார். ஆற்றுச் சத்தம், வேளாவேளைக்குச் சோறு, ஆபீஸ் போன் கிடையாது. மூன்றாம் நாள் வீடிருக்கும் கரமனைக்கு வந்து இறங்கியபோது தெருவே திரண்டு அவரை வீரராக்கிவிட்டது. அதிலிருந்து வருஷம் தவறாமல் கல்லாற்று லாட்ஜில்தான் அவருடைய மலையேற்றம்.

இந்த வருஷம் ஏறி இறங்கியதும் சமூக மண்டபத்தில் பொன்னாடை போர்த்துவதாக முடிவாகியிருந்தது. குட்டு உடைந்தால் கரமனையில் தலைகாட்ட முடியாது. அதைவிட, அவர் சொன்ன கதையையெல்லாம் கண்கொட்டாமல் கேட்ட ஸ்ரீலக்ஷ்மியின் முகத்தில் எப்படி முழிப்பது?

"முனையைப் பாருங்க சார்," என்று பிரவின்ராஜ் ஒரு கம்பை நீட்டினார். "ஒரு தடவை போயிட்டு வந்தா போதும். பாறையில ஒரசி ஒரசித் தேய்ஞ்சு அடையாளம் விழுந்திரும்."

சுந்தரராமன் முனையைத் தடவிப் பார்த்தார். லாட்ஜ் சுவரில் மூன்று நாள் சாய்த்து வைத்த கம்பு எப்படித் தேயும்?

"கார்பன் வேணுமா மேடம், அலுமினியம் போதுமா?"

"கார்பன் பாறையிடுக்குல மாட்டினா ஒடைஞ்சுடும். அலுமினியம் போறும்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நீளத்தை நிறுத்தறதுக்குத் திருகற லாக்கு வேண்டாம், அழுத்தற லாக்கு எடுங்கோ. பிடி கார்க்கா இருக்கட்டும், வேர்வையில வழுக்காது. மடக்கினா பைக்குள்ள போகணும். கடைசிப் பாறையில கயித்தைப் பிடிச்சுண்டுன்னா ஏறணும்?"

"கயிறா? எந்தக் கயிறு?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார் சுந்தரராமன்.

இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லே, நான் கயித்தையெல்லாம் தொடறதில்லை. அதான் ஞாபகமில்லை," என்று சமாளித்தார்.

"கயிறும் இல்லாமலா! சார், ஒரு செல்ஃபி எடுத்துக்கிடட்டா?" என்று பிரவின்ராஜ் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். எடுத்த பிறகு பணிவாகக் கேட்டார்: "எறங்கும்போ கம்புக்க நீளத்தைக் கூட்டணுமா, கொறைக்கணுமா சார்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாவ. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

"அது மலையோட மூட் எப்படிங்கறதைப் பொறுத்தது," என்றார் சுந்தரராமன் ஆழ்ந்த குரலில்.

பிரவின்ராஜ் அதையும் பயபக்தியுடன் கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் சுந்தரராமனுக்கு மூளை வேலை செய்தது. கல்லாற்றில் பாறைக்கா பஞ்சம்? ஆற்றங்கரையில் உட்கார்ந்தபடியே நாலு தேய் தேய்த்தால் முனை தேய்ந்துவிட்டுப் போகிறது. இதற்குப் போய் இத்தனை நேரம் நடுங்கினோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"சரி, நீ இவ்வளவு தூரம் சொல்றே. ஒரு ஜோடி எடுத்துப்போம்," என்று பெரிய மனது பண்ணினார்.

பில் போடும்போது பிரவின்ராஜ் போன் நம்பர் கேட்டார். ஸ்ரீலக்ஷ்மி தன் நம்பரைச் சொன்னாள். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்த பிரவின்ராஜின் முகம் மலர்ந்தது.

"அட, மேடம் நம்ம பழைய கஸ்டமர் இல்லியா! மூணு வருஷத்துக்கு முன்னே இதே கம்பு ஒரு ஜோடி, லேடீஸ் ஷூ, அட்டை கடிக்காத சாக்ஸ் எல்லாம் வாங்கியிருக்கீங்க. பொறவு ரெண்டு தடவை முனை தேய்ஞ்சு மாத்தியிருக்கீங்க. இங்கேயே சொல்லுதே!"

சுந்தரராமன் திரையை எட்டிப் பார்த்தார். "நீ... நாகர்கோவில்ல உங்க அக்கா ஆத்துக்குன்னா போயிண்டிருந்தே?"

"அப்படித்தான் சொன்னேன். மலையுச்சியில உங்க முன்னாடி போய் நின்னு ஒரு சர்ப்ரைஸ் குடுக்கணும்னு ஆசை," என்றபடி ஸ்ரீலக்ஷ்மி புதுக் கம்பு ஜோடியை அவர் கையில் திணித்தாள். "மூணு வருஷமா மேல ஏறி ஏறித் தேடறேன், ஒரு தடவைகூட நீங்க அகப்படலை. அதான் இந்த வருஷம் ரெண்டு பேருக்கும் காட்டிலாகா பெர்மிட் எடுத்து, கையோட கூட்டிண்டே போயிடறதுன்னு தீர்மானம் பண்ணிட்டேன்!"