கொஞ்சம் சத்தமா சொல்லுங்க

"கேபிளை விடுங்கக்கா. டிஷ்ஷும் வேணாம், மழை வந்தா படுத்துக்கும். ஃபைபர் போடுங்க, படம் பளிச்சுனு இருக்கும்" என்றார் ஃபைபர் இணைப்பு விற்க வந்தவர்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி. வீட்டுக்காரர் உள்ளே இருக்கார்."

விற்பனையாளர் குரலை உயர்த்தினார். "கம்ப்ளெயின்ட் பண்ணினா உங்க கேபிள்காரர் எட்டியாவது பார்ப்பாரா?"

"மூணு மாசமா 'நாளைக்கு, நாளைக்கு'ன்னு டிமிக்கி கொடுக்கிறார்!"

"சுத்த சோம்பேறி! அந்தாளை நம்பினா டிவியைத் தொடைச்சுக்கிட்டேதான் இருக்கணும்!"

படுக்கையறைக் கதவு படாரென்று திறந்தது. தோளில் ஒயர் சுருளும் கையில் கட்டிங் பிளேயருமாக வந்த கணவர், இருவரையும் முறைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார்.

விற்பனையாளர் திருதிருவென விழித்தார். "அக்கா, சார்..?"

"இந்தத் தெருவுக்கே அவர்தான் கேபிள்காரர். ஃபைபர் வேணாம் தம்பி, கோவிச்சுக்காதீங்க. என் கம்ப்ளெயின்ட்டுக்கு இப்பத்தான் ஆள் வந்திருக்கு!"