எறும்பின் வீச்சு

அன்று வரைதாளில் இருந்தவர்கள்: அடிமட்டம், கோணமானி, மடக்கைப் புத்தகம், ஓர் எறும்பு, ஒரு வண்டு. நடுப்புள்ளியை அதிகம் சுற்றுபவருக்குச் சர்க்கரைத் துணுக்கு என்று பேச்சு.

வண்டு முப்பது பாகை நடந்து படுத்துவிட்டது. எறும்பு எழுநூற்றைம்பது பாகை சுற்றிவந்து, வண்டின் முதுகில் நின்றது.

அடிமட்டம் தூரத்தை அளந்தது. "இருவருக்கும் மட்டு ஐந்து."

கோணமானி திசையைப் பார்த்தது. "இருவருக்கும் வீச்சு முப்பது."

"என் சுற்றுகள் எங்கே, ஐயா?" என்றது எறும்பு.

"நிற்கிற இடம்தான் எனக்குத் தெரியும்."

எறும்பு மடக்கைப் புத்தகத்திடம் போனது. "நான் வந்த வழியை நீங்களாவது சொல்லுங்கண்ணே."

"அது தெரியாது, தம்பி. என் கணக்கில் எத்தனை முழுச்சுற்று கூடினாலும் விடை சரிதான்; கேட்டதைச் சேர்த்து எழுதுவேன். யாருக்கும் எழுதுவேன்."

"எனக்கு ஒரு பத்து போடுங்கண்ணே" என்றது வண்டு, படுத்தபடியே.

இருவரும் சமம் என்று சர்க்கரையைப் பாதியாக உடைத்தார்கள். முழுச்சுற்று இரண்டும் கழிந்து, எறும்புக்கு மிச்சம் முப்பது.