குரல் வராத முதல் திரை

விளாங்குடி மாடி அறையில் மாலை வெயில் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. லினக்ஸ் கணினிகளுக்கான புதிய டெஸ்க்டாப் மென்பொருளை, எவரும் நிறுவிக்கொள்ளும் பேக்கேஜாகக் கட்டி முடித்த பாண்டீஸ்வரி, வெளியிடுவதற்கு முன் மடிக்கணினியை அண்ணன் சோலையிடம் நகர்த்துகிறாள். அவனுக்குப் பார்வையில்லை, திரையில் இருப்பதைக் கணினிதான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி விசைகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறான். கடவுச்சொல் கேட்கும் முதல் திரையிலேயே குரல் வரவில்லை. "எங்க நிக்கிறேன்னே தெரியல பாண்டி." அவள் போன் அதிர்கிறது. ரிலீஸ் பண்ணியாச்சா என்று அவளோடு மென்பொருள் செய்யும் குழுவில் கேட்கிறார்கள். "மத்தவங்களுக்கு ஓடுதுல்ல, அனுப்பிரு. நான் பழசையே வச்சுக்கிறேன்" என்கிறான். ஆனாலும் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தக் கையையே பார்த்திருந்துவிட்டு, இன்றைக்கு இல்லை என்று குழுவுக்கு எழுதுகிறாள். நாற்காலியை அவனருகே இழுத்துப் போடுகிறாள். "எந்திரிக்காதண்ணே. மொதல்ல இருந்து போடு, பாப்போம்."