ஏரிக்கு முதுகு காட்டியவன்

நான்காவது நாளாக அந்த ஆள் ஏரிக்கரை மேல் வந்து உட்கார்ந்தான். ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பைனாகுலரைக் கரைக்குக் கீழே இருந்த வீடுகள் பக்கம் திருப்பினான்.

கீழே தன் வீட்டுத் தறியில் இருந்த காசிநாதன் அதைக் கவனித்தான். போன வருஷம் அடுத்த ஊரில் இப்படித்தான் ஒருத்தன் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போனான். மறுவாரமே புறம்போக்கில் இருந்த குடிசைகளை எல்லாம் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

இந்த வீடுகளும் புறம்போக்கில்தான் இருந்தன. இடித்தால் காசிநாதன் எங்கே போவான்? மூன்று தலைமுறையாக அடுத்தவன் வயலில் குனிந்து கிடந்த குடும்பம். அவன் ஒருத்தன்தான் காஞ்சிபுரம் போய் நெசவு கற்றுக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் குழி வெட்டித் தறி போட்டிருக்கிறான். மனைவி லில்லிக்கு நிறைமாசம் வேறு.

தொழிலும் இப்போதுதான் சூடு பிடித்திருந்தது. மழை நின்று பத்து நாளாகியும் தறிக்குழியில் ஈரம் காயவில்லை. அந்தக் குளிர்ச்சிக்குப் பட்டு இழை அறுபடாமல் ஓடியது. நீ கும்பிடுகிற கர்த்தர்தான் கண் திறந்தார் என்று லில்லியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனான். நல்லது நடக்கும்போதுதானா இந்தச் சனியன் வந்து சேர வேண்டும்?

தறியை விட்டு எழுந்தவன், பக்கத்து வீட்டு முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு கரை ஏறினான். வழியில் கிடந்த கடப்பாரையை முனிரத்தினம் கையில் எடுத்தபோது, காசிநாதன் தடுக்கவில்லை.

கேட்டதற்கு, தன் பெயர் இளங்கோவன் என்றும், காலேஜில் விலங்கியல் வாத்தியார் என்றும், வடக்கேயிருந்து குளிர்காலத்துக்கு வரும் உள்ளான் குருவிகளைக் கணக்கெடுப்பதாகவும் அந்த ஆள் சொன்னான்.

"குருவி பாக்கறவன் ஏரியப் பாக்காம எங்க வூட்ட எதுக்கு பாத்துக்கினு இருக்கற?" முனிரத்தினம் அவன் சட்டையைப் பிடித்தான்.

காசிநாதன் நோட்டைப் பிடுங்கினான். கரையும் வீடுகளும் அச்சாக வரையப்பட்டிருந்தன. அவனுடைய வீட்டுக்குப் பின்னால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் டிசம்பர் 1969 என்று போட்டு எட்டு, இருபது, அறுபது, நூற்றுப் பத்து என்று எண்கள். அடிக்கணக்கா ஆள்கணக்கா என்று கேட்டு நோட்டை அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

இளங்கோவனுக்கோ பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "அது குருவி எண்ணிக்கைங்க. ஏரி விளிம்பு வரைக்கும் ரொம்பியிருக்கு, உள்ள துளி சேறு கிடையாது. உள்ளான் இந்நேரம் வேற ஊருக்குப் பறந்திருக்கணும். ஆனா நாளுக்கு நாள் அந்த வீட்டுப் பின்னாலதான் வந்து இறங்குது. அலகு நுழையற மாதிரி மண்ணு இளகியிருந்தாத்தான் அது மேயும். எனக்கே புரியலீங்க."

காசிநாதன் கீழே பார்த்தான். கரையின் அடிவாரத்தில், அவன் வீட்டுச் சுவரை ஒட்டி, சாம்பல் நிறக் குருவிகள் கூட்டமாக நின்று மண்ணைக் குத்திக்கொண்டிருந்தன.

வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் கணுக்காலில் மட்டும் தறிக்குழி மண் ஈரமாக ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் லில்லி தனியாக இருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஏரி தளும்பும் சத்தம் கேட்டது.

"இந்தாள இன்னாபா பண்றது?" என்றான் முனிரத்தினம், கடப்பாரையை ஓங்கியபடி.

"அவர வுடு. கரை அடியில கசிஞ்சிக்கினு இருக்குது." காசிநாதன் அதற்குள் பாதிச் சரிவு இறங்கிவிட்டுத் திரும்பிக் கத்தினான்.

"எல்லா வூட்டையும் ஒடனே காலி பண்ணச் சொல்லுபா."