ரெமேதியோஸ் அக்கா வாங்கிய பிரஸ்

சோள ரொட்டி அமுக்கும் தொர்த்தியா பிரஸ் வாங்கத் துணைக்கு வா என்று ரெமேதியோஸ் அக்கா கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நான் பிரஸ் வாங்கிய அன்று, "சோள ரொட்டிக்கு இஸ்திரி போடுறா" என்று தெரு முழுக்கச் சொன்ன மகராசி. கையால் தட்டாத ரொட்டியை அவள் வீட்டு நாய்கூட மோந்து பார்க்காதாம்.

எல்லாம் புது மருமகள் யாரெலியால் வந்த வினை. மோன்தெர்ரேய்க்காரி, வடக்கே கோதுமை ரொட்டி தேய்த்தே வளர்ந்தவள். சோள மாவு அவள் உள்ளங்கையில் பிய்ந்து பிய்ந்து விழும். ஞாயிற்றுக்கிழமை ரெமேதியோஸின் நாத்தனார்மார் அவள் கைப்பக்குவம் பார்க்க வருகிறார்கள். தேறாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

"மருமகளுக்குக் கை வரல, அப்படித்தானே அக்கா?"

"வாயை மூடிட்டு வா."

மெர்செத் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கினோம். அலுமினியத்தைப் பார்த்து, பொம்மைச் சாமான் என்றாள். மரத்தைப் பார்த்து, சவப்பெட்டி மூடி என்றாள். கடைசியில் வார்ப்பிரும்பு. வீட்டிலிருந்தே மாவு உருட்டி எடுத்து வந்திருந்தாள், புண்ணியவதி. கடைக்காரனின் பிளாஸ்டிக் பையைக் கிழித்து, நடுவே உருண்டையை வைத்து அமுக்கி, ஓரம் தடிப்பு என்று மூன்றைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தாள். வாங்குவதே வெட்கக்கேடு, அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

ஞாயிற்றுக்கிழமை யாரெலி பிரஸ் முன்னால் நின்றதும் நாத்தனார்மாரின் புருவம் ஏறியது.

ரெமேதியோஸ் மணிக்கட்டில் கட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"எனக்குக் கை போச்சு. நான் தட்டாத அடுப்படியில மருமக தட்டினா என் மரியாதை என்னாகுறது? அதான் பிரஸ்லயே போடுன்னுட்டேன்."

பெரிய நாத்தனார் என் காதைக் கடித்தாள். "பாவம், அந்தப் பொண்ணு எவ்வளவு நல்லாத் தட்டுமோ. பொறாமை பிடிச்சவகிட்ட வந்து மாட்டிக்கிச்சு."

நானும் ஆமாம் போட்டேன்.

ரொட்டி வட்டமாக, மெல்லிசாக வந்தது. ஆளுக்கு ஏழெட்டு தின்றார்கள். போகும்போது யாரெலியைக் கட்டிக்கொண்டு உச்சி முகர்ந்தார்கள். ரெமேதியோஸிடம் முகம் கொடுக்கவில்லை.

தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன்.

கட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, தனக்கென்று நாலு ரொட்டியைப் பட் பட்டென்று இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள் ரெமேதியோஸ்.

"கதவைச் சாத்துடி," என்றாள். "அவளுக இன்னும் படி இறங்கல."