எதிர்ப்புக்கு ஒரு கை

ஊரே ஒத்துக்கொண்ட முடிவுக்கு எதிராக நீங்கள் ஒருமுறையாவது தனியாகக் கை தூக்கியிருக்கிறீர்களா? அமெரிக்காவில், யூட்டாவின் தெற்குக் கோடியில், உடைந்து கிடக்கிற எங்கள் ஆற்றணைக்குப் பக்கத்தில் எல்லோரும் நிற்கிறோம். வெள்ளம் மறுபடியும் அணையைக் கொண்டுபோய்விட்டது. வாய்க்காலில் சேறு மட்டும் மாலை வெயிலில் மினுங்குகிறது. தள்ளுவண்டியோடு சமவெளி முழுக்க நடந்து எங்களை இங்கே கூட்டிவந்த மார்மன் சபை பிஷப் ஆல்வா டென்னி, தொப்பியை மார்போடு பிடித்தபடி, "ஊரக் காலி பண்ணிடலாங்கறவங்க வலது கையத் தூக்குங்க" என்கிறார். சேறு காயாத கைகள் மெல்ல மேலே போகின்றன. என் கையும்தான். "எதிர்க்கறவங்க?" என்று வழக்கப்படி கேட்டுக்கொண்டே தொப்பியைத் தலையில் வைக்கிறார், அந்தக் கேள்விக்கு இங்கே யாரும் கை தூக்கியதே இல்லை.

"தொப்பியக் கழட்டுங்க பிஷப், இன்னும் முடியல." திர்சாளின் கை மேலே நிற்கிறது. "கைய எறக்குடி, மானம் போகுது" என்று புருஷன் நீல்ஸ் அவள் பாவாடையை இழுக்கிறான். "போகட்டும். பாத்திரம் கழுவின தண்ணிய ஊத்தி வளத்த பீச் மரம் இப்பத்தான் பூத்திருக்கு. அத எந்த வண்டியில ஏத்துவீங்க?" பின்னாலிருந்து ஒருவர், "என் வண்டியில ஏத்து சிஸ்டர்" என்கிறார். "உங்க தொப்பைய ஏத்தின வண்டியில அதுக்கு எடம் ஏது பிரதர்?" கூட்டம் சிரிக்கிறது. பிஷப் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, அந்த ஒற்றைக் கையையே பார்க்கிறார். "இன்னொரு தடவ கேக்கறேன். போறவங்க கையத் தூக்குங்க." நீல்ஸ் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்கிறான். ஒரு கையும் எழவில்லை.

மறுநாள் காலை பிஷப் முதல் ஆளாக ஆற்றில் இறங்கி, அணைக்குக் கல் போட்டார்.