கத்தரிப்பூ நிறம்

சீட்டை மாட்டிவிட்டால் வண்டி முடிந்தது. அதற்குள் மகள் சொல்லியாக வேண்டும், இனிமேல் சைக்கிள் பந்தயத்துக்குப் போகமாட்டேன் என்று.

காலையிலிருந்து சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோர்க்கை மாட்டும்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அப்புறம் சக்கரம் மாட்டும்போது. இப்போது செயினும் ஏறிவிட்டது, வாய்தான் திறக்கவில்லை.

அம்மா வாரம் முழுக்கக் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவள். பட்டறைக்கு லீவு விட்ட அன்றும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கூலியில்லாத இந்த வேலையில் குனிந்திருந்தாள். எழுந்தால் முதுகு நிமிரவில்லை. கண்ணில் தூக்கம் கட்டியிருந்தது.

புத்தம்புது மலை சைக்கிள் ஃப்ரேம். வந்தபோது சாம்பல் நிறம், அம்மாவுக்கு ஆகவில்லை. இழவு வீட்டுக்கா போகிறோம் என்று திட்டிக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்தாள். பிரைமர் அடித்தாள், காயவைத்தாள், மறுபடியும் தேய்த்தாள். கடைசியில் பளபளவென்று கத்தரிப்பூ நிறத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

மகளுக்கு எப்போதும் சிவப்புதான். இந்தத் தடவை என்ன நிறம் என்று அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல் சுவரோரம் நிற்கவைத்து டேப்பால் காலை அளக்கவும் இல்லை. அசதியில் மறந்திருப்பாள், பாவம்.

எல்லாம் மகளின் வாயால் வந்த வினை.

போன பந்தயத்தில் பாதி மேட்டில் இறங்கி ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை, அடிபடவில்லை. போதும் என்றிருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து விடியுமுன் எழுந்து மிதித்தாள். மருந்துக்கடை வேலைக்குச் சேர்ந்த பிறகும் மிதித்தாள். எதற்கு மிதிக்கிறோம் என்பதே மறந்துபோயிருந்தது.

அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறிப்போனால், மேட்டு முனையில் தண்ணீர் பாட்டிலோடு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள் அம்மா. அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. ஃப்ரேமில் விரிசல் விட்டிருக்கிறது, வண்டி ஆடுகிறது என்று சொல்லிவிட்டாள். பழியை வண்டி தலையில் போட்டாயிற்று.

கொஞ்ச நாளில் புது ஃப்ரேம் வந்து இறங்கியது. பொய் சொன்னது இவள், ஒடிவது அம்மாவின் முதுகு. பழைய வண்டி பட்டறை மூலையில் சாய்ந்து நின்றது. அதை ஏறிட்டுப் பார்க்கவே மகளுக்கு வெட்கமாக இருந்தது.

"என்னடி, பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி நிக்கிற? அந்த ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தாள். சீட்டுக் குழாய் உள்ளே இறங்கியது. போல்ட்டை இறுக்கி, பழந்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அம்மா விலகி நின்றாள்.

"ம், ஏறு."

வழக்கமாக அம்மாதான் முதலில் ஏறுவாள். எந்த ரிப்பேர் ஆனாலும், சரியாகிவிட்டதா பார்க்கிறேன் என்று பட்டறை வாசலில் ஒரு சுற்று போய்விட்டுத்தான் கொடுப்பாள். சில நாள் இரண்டு சுற்றும் போவாள். அம்மா நல்ல உயரம், மகளோ அப்பாவைப் போலக் குட்டை. மகளின் வண்டியில் அம்மாவின் முட்டி ஹேண்டிலில் இடிக்கும். சர்க்கஸ் கரடி என்று மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இன்று சிரிப்பு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

கால் எட்டவில்லை.

பெடல் கீழே போனபோது கட்டைவிரல் நுனிகூட அதைத் தொடவில்லை. ஹேண்டில் எங்கோ அடுத்த தெருவில் இருந்தது. அளவு தப்பிவிட்டது. இத்தனை தேய்த்தும் இத்தனை பூசியும் எல்லாம் வீண். அவ்வளவுதான், மகளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்னால முடியலம்மா. இனிமே ரேஸ் வேணாம்மா. ஃப்ரேம்ல விரிசலே இல்ல, நான் பொய் சொன்னேன்."

அம்மா கையிலிருந்த கிரீஸை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஃப்ரேம் விரிஞ்சா முதல்ல பெயின்ட்டு காட்டிக் குடுத்துடும்டி. பெயின்ட் அடிக்கிறவகிட்டயே வந்து கதை விடுறியே! அன்னிக்கே முழுசா தடவிப் பார்த்துட்டேன், ஒரு கீறல் இல்ல. நீயா சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

"அப்புறம் எதுக்கும்மா இந்த வண்டி?"

"இது உனக்குன்னு யாரு சொன்னா? இறங்கு."

இறங்கினாள். அம்மா பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பாதம் பெடலில் பொருந்தியது. முட்டி எதிலும் இடிக்கவில்லை.

மகளுக்கு மனசு லேசாகிவிட்டது. கூடவே ஒரு குத்தலும் வந்தது. இத்தனை வருஷமாக வாசலில் அம்மா போன அந்தச் சுற்றுகளைச் சிரிப்பதற்குத்தான் பார்த்திருக்கிறாள்.

அம்மா வண்டியிலிருந்தபடியே எட்டி, பழைய வண்டியில் செருகியிருந்த நசுங்கிய தண்ணீர் பாட்டிலை உருவி மகள் கையில் திணித்தாள்.

"அடுத்த பந்தயத்துக்குப் பேரு குடுத்துட்டேன். மேட்டு முனையில நில்லு. ரொம்ப லேட்டாத்தான் வருவேன், சலிச்சுக்கிட்டுக் கிளம்பிடாத."

மகள் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டாள்.